வெள்ளைப் பென்சில்

குலசேகரம் சந்தைக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில்
பதினோரு வருஷமாக நிற்கிறேன்.
ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், ஞானஸ்நானச் சீட்டு,
பால்வெட்டுக்காரரின் சங்க அட்டை, மரண சர்ட்டிபிகேட்:
என் கண்ணாடியில் குப்புறப் படுக்காதவர்
இந்த ஊராட்சியில் யாருமில்லை.

அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

முதலில் ஏசுவடியானின் ஆள்.
வாக்காளர் பட்டியலை மேசையில் போட்டு,
‘பேருக்கு அம்பது பைசா.
நம்ம ஆளு பச்சை, மத்தவன் சிவப்பு. கேட்டியா?’
மறுநாள் மழையோடு பொன்னுலிங்கத்தின் ஆள்.
அதே பட்டியல், அதே அம்பது பைசா.
‘நம்ம ஆளு பச்சை, மத்தவன் சிவப்பு.’

தலைவர் நாற்காலிக்கு நிற்கும் இருவரும்
அண்ணன் தம்பி மக்கள்.
தாத்தா ஒருவர்தான், கல்லறையும் ஒன்றுதான்.
அதில் சிலுவை நடலாமா கூடாதா என்று
பத்மநாபபுரம் கோர்ட்டில் இருபது வருஷ வழக்கு.
அந்த வழக்குக் கட்டும் என்னிடம்தான் நகலெடுத்தது.
ரோடு போடுவேன், ஓடை கட்டுவேன் என்ற
இருவரின் நோட்டீசும் நான்தான் அடித்தேன்;
பூட்டு சாவிக்கும் ஆட்டோவுக்கும்
படத்தை மாற்றினால் போதும்.

பன்னிரண்டு நிறப் பென்சில் டப்பா வாங்கினேன்.
ராத்திரி, மெஷினின் சூடு ஆறும்வரை
அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு
ஆட்களைப் பிரித்தேன்.

பெயரைப் பார்த்து நிறம் தெரிகிற ஊரில்லை இது.
செல்வராஜ் எந்தப் பக்கமும் இருப்பான்.
அப்பா பெயரைப் பார்க்க வேண்டும்.
அப்பாவும் தங்கப்பன் என்றால்
அந்த வீட்டுக் கல்யாணக் கார்டை நினைவில் தேட வேண்டும்:
மேலே இருந்தது குத்துவிளக்கா, புறாவா,
சுடர் மாதிரி எழும் நாமமா.
பதினோரு மணிக்குப் போன் போட்டுக் கேட்டேன்,
‘ஆர்.சி.க்கு என்ன கலர்?’
கொட்டாவியோடு பதில் வந்தது,
‘அவிய பிடிதரமாட்டாவ. மஞ்சள் போடு.’

நாலாம் வார்டு வந்தது.
பாறைவிளைக் காலனி.
இருநூற்றுப் பதினாலு பேர்; நான் நூற்று முப்பத்தொன்று.
இந்தப் பக்கத்துக்கு இருவரும் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்,
ஒரே வார்த்தையில், ஒத்திகை பார்த்ததுபோல:
‘அதுக்குக் கலர் வேண்டாம் பிள்ளே.
ஓரத்தில தொகை போட எடம் விடு.
கடைசி ராத்திரி பாத்துக்கிடலாம்.’

எங்களில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர்.
சர்ட்டிபிகேட்டில் நான் செந்தாமரை.
ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை எஸ்தர்.
எஸ்தருக்கு ஸ்காலர்ஷிப் கிடையாது,
அதனால் படித்தவள் செந்தாமரை.
இரண்டு பெயர் வைத்திருந்தும்
அவர்கள் டப்பாவில் எனக்கு ஒரு நிறம் இல்லை.

போன தேர்தலில் ஜெயித்த வித்தியாசம் அறுபத்தொன்று.

டப்பாவில் கடைசியாகக் கிடந்தது வெள்ளை.
எந்தப் பிள்ளையும் சீவாத பென்சில்,
கடையில் வாங்கிய முனையோடே தேய்ந்து போகாமல்
தாய் பெட்டியிலேயே வயசாகிற பென்சில்.
அதை எடுத்தேன்.
இருநூற்றுப் பதினாலு பெயர்மேலும்,
பக்கத்தில் விட்ட தொகைக் கட்டத்திலும்
அழுத்தி அழுத்தித் தீட்டினேன்,
இரண்டு பட்டியலிலும்.
நேரே பார்த்தால் ஒன்றுமில்லை.
டியூப்லைட்டுக்குச் சரித்துப் பிடித்தால்
நத்தை போன தடம்போல ஒரு மினுக்கம்.
விரல் சிவந்து மடக்க முடியவில்லை.

காலையில் எண்ணிக் காசு தந்தார்கள்.
காலனிப் பெயர்களுக்குத் தரவில்லை,
கலர் அடிக்கவில்லையே.

ஏசுவடியானின் ஆள் அங்கேயே நின்று
பேனாவைத் திறந்து
முதல் பெயருக்கு நேராகத் தொகை எழுதப் போனார்.
வழுக்கியது.
உதறினார். உள்ளங்கையில் கிறுக்கினார், எழுதியது.
தாளில் வைத்தார், எழுதவில்லை.
‘மழைக்காலம்லா,’ என்றேன்,
‘பேப்பர் ஈரம் குடிச்சிருக்கும்.’

வேறு பேனா கேட்டார்.
கொடுத்தேன்.